பிரெடரிக் டக்ளஸ் சரித்திரமும் அவர்தம் இல்லம் பிழைத்த வரலாறும்

பெரியோர்தம் சரித்திரத்தைப் படிப்போர் பெரும்பாலும் அவர் பிறந்தது, கற்றது, உழைத்தது, மறைந்தது என்னும் நான்கோடு நூலை மூடிவிடுகின்றனர். அவர் மறைந்தபின் அவர் வாழ்ந்த மனை என்னவாயிற்று, எழுதிய மேசை யாரிடம் சென்றது, அரிதிற் சேர்த்த நூல்களைக் காத்தவர் யாவர் என்று கேட்பார் மிகச் சிலரே. செல்வமும் அதிகாரமும் படைத்த கூட்டத்தார்க்கு இக்கேள்வி பெரிதாகத் தோன்றாது. அவர்தம் மாளிகைகளைக் காக்க அரசும் உண்டு, ஆளும் உண்டு. எளிய சமூகத்தார்க்கோ, தம்முள் தோன்றிய பெரியார் ஒருவரின் மனை அழிந்தால், அவர் வாழ்ந்தார் என்பதற்குக் கண்கூடான சான்றே அழிந்ததாகும். இவ்வுண்மையை நன்கு விளக்குவது அமெரிக்க நாட்டில் அடிமையாய்ப் பிறந்து உலகம் போற்றும் தலைவராய் மறைந்த பிரெடரிக் டக்ளஸ் என்பாரது சரித்திரம். அதனை நம் சங்க அன்பர்களுக்கும் குடும்பத்தினர்க்கும் பயன்படும் என்று கருதி ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய மேரிலாந்தில், டால்பட் என்னும் மாவட்டத்தில், டக்காஹோ என்னும் சிற்றாற்றின் அருகே 1818-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி என்பது. தாயார் ஹாரியட் பெய்லி வயலில் உழைத்த அடிமைப் பெண். தந்தை இன்னார் என்று இவர் உறுதியாய் அறியக்கூடவில்லை. வெள்ளையர் ஒருவர் என்பது மட்டுமே கேள்வி. பிறந்த நாளையும் இவர் அறியார். அடிமைக் குழந்தைகளின் பிறப்பை ஆண்டைகள் கால்நடைக் கணக்கோடு குறித்துவைத்தனரேயன்றிக் குழந்தைக்குச் சொல்லிவைத்தாரில்லை. பிற்காலத்தே பிப்ரவரி 14-ஆம் நாளைத் தம் பிறந்த நாளாக இவர் தாமே தெரிந்துகொண்டார்.

தாயைப் பிரித்து வேறிடத்தில் வேலைக்கு விட்டமையால், பாட்டியார் பெட்ஸி பெய்லியின் குடிசையிலே இவர் வளர்ந்தார். ஆறு வயதளவில் அப்பாட்டியாரே இவரைக் கையிற் பிடித்துப் பன்னிரண்டு மைல் நடத்திச் சென்று, ஆண்டை வாழ்ந்த பெருந்தோட்டத்தில் விட்டு, சொல்லாமலே திரும்பிப்போக நேர்ந்தது. அடிமை வாழ்வில் பாட்டியின் அன்பும் ஆண்டையின் ஆணைக்கு உட்பட்டதே. தாயார் சில இரவுகளில் நெடுந்தூரம் நடந்து வந்து மகனைக் கண்டு விடியுமுன் திரும்புவார். இவருக்கு ஏழு வயதாகுமளவில் அவரும் இறந்தார்.

ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். டக்ளஸ் வளர்ந்த அக்குடிசை இன்று நிற்கவில்லை. லாயிட் என்னும் பெருநிலக்கிழார் குடும்பத்தின் மாளிகையாகிய 'வை ஹவுஸ்' மட்டும் இன்றும் நின்று, தேசியச் சின்னங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது. உழைத்தவர் குடிசை மண்ணாயிற்று. உழைப்பை உண்டவர் மாளிகை சரித்திரமாயிற்று. இது டால்பட் மாவட்டத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. எந்நாட்டிலும் மரமும் மண்ணும் கொண்டு கட்டியவை முந்தி அழியும். கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டியவை பிந்தி நிற்கும். நின்றவற்றைக் கொண்டே சரித்திரம் எழுதுவோமாயின், சரித்திரத்தில் எளியோர் இடம் பெறுதல் அரிதாகும்.

கல்வி பெற்ற விதம்

1826-இல் பால்டிமோர் நகரில் ஹியூ ஆல்ட் என்பவர் வீட்டுக்குச் சிறுவன் அனுப்பப்பெற்றான். அவ்வீட்டு அம்மையார் சோபியா, முன்பு அடிமைகளை வைத்து ஆண்டறியாதவர். இரக்கங்கொண்டு எழுத்துக்களைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் இதனை அறிந்து, எழுத்தறிந்த அடிமை அடிமையாய் அடங்கியிரான் என்று கூறித் தடுத்துவிட்டார். அம்மொழியைக் கேட்ட சிறுவனுக்கு அதுவே பெரும் உபதேசமாயிற்று. எதனை ஆண்டை அஞ்சுகின்றாரோ அதனையே தான் அடைதல் வேண்டும் என்று உறுதிகொண்டான். தெருவில் விளையாடிய ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டித் துண்டுகளை ஈந்து அவர்களிடம் எழுத்துக் கற்றான். கப்பல் கட்டுந்துறையில் பலகைகள்மேல் தச்சர் பொறித்த எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினான். பன்னிரண்டு வயதளவில் ஐம்பது சென்ட் காசு சேர்த்துச் சொற்பொழிவுத் திரட்டு நூலொன்றை வாங்கி, மறைவில் இருந்து ஓதினான். பின்னாளில் ஆயிரக்கணக்கானோரை ஈர்த்த நாவன்மைக்கு அந்நூலே அடிப்படை.

1834-இல் எட்வர்ட் கோவி என்பவனிடம் ஓராண்டு வேலைக்கு விட்டனர். அடங்காத அடிமைகளை அடித்து அடக்குவதில் பேர்பெற்றவன் அவன். பல திங்கள் அடியுண்ட பின்னர், பதினாறு வயதுடைய டக்ளஸ் ஒருநாள் எதிர்த்து நின்று நெடுநேரம் மற்போர் புரிந்தார். கோவி அதன்பின் அவரைத் தீண்டத் துணிந்தானில்லை. 1836-இல் தோழரோடு தப்பியோட எண்ணியது வெளிப்பட்டுச் சிறைப்பட்டார். மீண்டும் பால்டிமோருக்கு அனுப்பப்பெற்று, கப்பலின் இடுக்குகளை அடைக்கும் தொழிலைக் கற்றார். ஈட்டிய கூலியை வாரந்தோறும் ஆண்டையிடம் கொடுக்கவேண்டியிருந்தது.

விடுதலையும் பொதுத்தொண்டும்

1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், மாலுமி உடை தரித்து, விடுதலை பெற்ற கறுப்பின மாலுமி ஒருவரின் அடையாளப் பத்திரத்தை இரவல் பெற்றுப் புகைவண்டி ஏறினார். பத்திரத்தில் கண்ட அங்க அடையாளம் இவருக்குப் பொருந்தாது. சோதித்த அதிகாரி கூர்ந்து பார்த்திருப்பாராயின் சரித்திரம் அன்றே முடிந்திருக்கும். புகைவண்டியும் படகும் மாறிமாறி ஏறி ஒரு நாளைக்குள் நியூயார்க் சேர்ந்தார். இதற்குப் பெருந்துணை புரிந்தவர் ஆன்னா முர்ரே என்னும் நங்கை. அவர் அடிமையல்லாதவர், வீட்டுவேலை செய்து சிறுபொருள் சேர்த்தவர், அதனை இவர் பயணத்துக்கு அளித்தார். செப்டம்பர் 15-ஆம் நாள் இருவர்க்கும் மணம் நிகழ்ந்தது. பின்னர் நியூ பெட்போர்டு சென்று, பிடிப்பார்க்குத் தப்பும்பொருட்டுப் பெய்லி என்னும் பெயரை விடுத்து டக்ளஸ் என்னும் பெயரைப் பூண்டார்.

1841-இல் நான்டக்கெட் என்னும் தீவில் கூடிய அடிமை ஒழிப்பு மகாநாட்டில் முதன்முதலாக வெள்ளையர் பெருஞ்சபை முன் பேசினார். கேட்டோர் வியந்து இவரைச் சங்கத்தின் பிரசாரகராக அமர்த்தினர். இத்தகைய பேச்சுடையார் அடிமையாய் இருந்திருத்தல் இயலாது என்று பலர் ஐயுற்றமையால், 1845-இல் தம் வாழ்க்கையை ஊர், பேர், ஆண்டை பெயர் யாவும் வெளிப்பட எழுதிப் பதிப்பித்தார். உண்மையை நிலைநாட்டிய அந்நூலே இவருக்கு ஆபத்துமாயிற்று. இருக்குமிடம் தெரிந்தமையால் பிடித்துச் செல்ல வழி உண்டாயிற்று. ஆதலின் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்று ஏறக்குறைய இரண்டாண்டு பிரசங்கம் புரிந்தார். ஆங்கிருந்த நண்பர்கள் பொருள் திரட்டி 1846-இல் ஆண்டைக்கு விலை கொடுத்து இவருக்குச் சட்டப்படி விடுதலை வாங்கினர்.

திரும்பிவந்து ராச்செஸ்டர் நகரில் குடியேறி, 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் 'வட மீன்' என்னும் பொருள்படும் பெயருடைய பத்திரிகையைத் தொடங்கினார். இரவில் தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டும் விண்மீன் அது. அவர் வீடும் அவ்வாறே தப்பி வந்தோர்க்குப் புகலிடமாயிற்று. 1848-இல் செனிகா பால்ஸ் என்னுமூரில் மாதர் உரிமை மகாநாடு கூடியபொழுது, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானத்தைத் தாங்கிப் பேசினார். 1859-இல் ஜான் பிரவுன் படைக்கல எழுச்சிக்கு அழைத்தபொழுது, அது கைகூடாது என்று இவர் இசையவில்லை. ஆயினும் அரசின் ஐயம் இவர்மேலும் விழவே, கானடா வழியாக இங்கிலாந்து சென்றார். இளைய மகள் இறந்த செய்தி கேட்டு 1860-இல் மீண்டார்.

உள்நாட்டுப் போர் மூண்டபொழுது, கறுப்பினத்தாரைப் படையிற் சேர்க்குமாறு இடைவிடாது வற்புறுத்தினார். மாசசூசெட்ஸின் 54-ஆம் படைக்கு ஆள் சேர்த்தார். தம் புதல்வருள் இருவரையும் அதில் சேர்த்தார். 1863-இல் குடியரசுத் தலைவர் லிங்கனை நேரிற் கண்டு, கறுப்பினப் போர்வீரர்க்குச் சம ஊதியம் வேண்டினார். 1864-இல் அதற்குச் சட்டமாயிற்று.

1872-இல் ராச்செஸ்டர் வீடு தீக்கிரையாயிற்று. நெடுங்காலம் சேர்த்துவைத்த தம் பத்திரிகைத் தொகுதிகள் பலவற்றையும் அதில் இழந்தார். வாழ்நாள் உழைப்பின் சான்று ஓரிரவில் சாம்பலாதல் எத்துணை எளிது என்பதை அவர் தாமே அறிந்தார். அதன்பின் குடும்பத்தோடு தலைநகராகிய வாஷிங்டனில் வாழலானார். 1874-இல் விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கிக்குத் தலைமை ஏற்றார். வங்கி உள்ளே சீர்குலைந்திருப்பதை அறியாது தம் சொந்தப் பணம் 10,000 டாலரையும் அதில் இட்டார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே வங்கி மூடப்பட்டது. எளியோர் 60,000 பேர்க்கு மேல் சேமிப்பை இழந்தனர். இக்குறை அவர் தலைமையில் நேர்ந்ததன்று, முன்பே நேர்ந்திருந்தது. எனினும் பழி அவர் பெயரோடும் ஒட்டிற்று.

ஸீடர் ஹில் என்னும் இல்லம்

1877-இல் தலைநகரின் மார்ஷல் என்னும் உயர்பதவியில் நியமனம் பெற்றார். அவ்வாண்டே அனகாஸ்டியா ஆற்றுக்கு அப்பால் குன்றின்மேல் அமைந்த ஒரு வீட்டை 6,700 டாலர் கிரயத்துக்கு வாங்கினார். தேவதாரு மரங்கள் சூழ்ந்தமையால் ஸீடர் ஹில் எனப் பெயரிட்டார். அப்பகுதியில் 1854-இல் மனைப்பிரிவு அமைத்தோர், கறுப்பினத்தார்க்கும் ஐரிஷ் வம்சத்தார்க்கும் மனை விற்றலாகாது என்று விதி வகுத்திருந்தனர். அம்மனைப்பிரிவை அமைத்தோருள் ஒருவராகிய வான் ஹூக் என்பவர் தமக்கெனக் கட்டிய வீடே பின்னர் டக்ளஸ் கைக்கு வந்தது. கால சக்கரத்தின் சுழற்சியை என்னென்பது! முன்வாயிலில் நின்று பார்ப்பின் நாடாளுமன்றக் கட்டிடத்தின் கோபுரம் தெரியும். உள்ளே பெரியதொரு நூலகம். அவர் விரும்பி மீட்டிய வயலின். வீட்டின் பின்புறம் தனித்திருந்து எழுதுதற்குச் சன்னலில்லாத சிறு கல்லறை ஒன்று. பேரப்பிள்ளைகள் ஓடியாடியதும், நாட்டின் பல பாகத்திலிருந்து வந்தோர் உணவருந்தியதும் இவ்வில்லத்திலேயே.

1881-இல் தலைநகரின் பத்திரப் பதிவுத் தலைவரானார். 1882-இல் மனைவியார் ஆன்னா காலமானார். நாற்பத்துநான்கு ஆண்டு இவருக்குப் பின்னின்று குடும்பம் தாங்கியவர் அவர். அவரின்றி இவர் விடுதலையே இல்லை. 1884-இல் பதிவு அலுவலகத்தில் எழுத்தராயிருந்த ஹெலன் பிட்ஸ் என்னும் வெள்ளை இனத்து மாதரை மணந்தார். இருபுறத்துச் சுற்றத்தாரும் வெறுத்தனர், பத்திரிகைகள் தூற்றின. அடிமை ஒழிப்புக்கு உழைத்த ஹெலனின் தந்தையாரும் இம்மணத்தை ஏற்றாரில்லை. இருவரும் நிலைகுலையாது வாழ்ந்தனர். 1889 முதல் 1891 வரை ஹெய்ட்டி நாட்டில் அமெரிக்கத் தூதராக இருந்தார். 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், மாதர் பேரவைக் கூட்டத்துக்குச் சென்று இல்லம் திரும்பியவர், அன்று மாலையே மாரடைப்பால் உயிர்நீத்தார். அவர் உடல் ராச்செஸ்டரில் அடக்கஞ் செய்யப்பெற்றது. 1899-இல் அந்நகரில் அவருக்கு வெண்கலச் சிலையும் எழுந்தது.

இல்லத்துக்கு நேர்ந்த இடர்

சிலை எடுத்தல் எளிது. வீட்டைக் காத்தல் அரிது. டக்ளஸ் தம் மரண சாசனத்தில் ஸீடர் ஹில்லை ஹெலன் அம்மையாருக்கு எழுதிவைத்தார். ஆயின் நிலபுலம் கொடுக்கும் சாசனத்துக்கு அவ்விடத்துச் சட்டப்படி மூன்று சாட்சிகள் வேண்டும். அதில் இருவரே கையொப்பமிட்டிருந்தனர். ஒரு கையொப்பம் குறைந்தமையால் அப்பாகம் செல்லாதாயிற்று. முதல் மனைவியின் மக்கள் தம் பங்கைக் கோரினர். அவரைக் குறைகூற யாம் துணியோம். தாயார் வாழ்ந்த வீட்டில் மக்களுக்கு உரிமை தோன்றுதல் இயல்பே. ஹெலன் அம்மையார் வீடு துண்டுபடலாகாது எனக் கருதி, அடமானக் கடன் பட்டு அவர்தம் பங்கைப் பெற்றார்.

அம்மையார் கொண்ட எண்ணம் பெரிது. முதற் குடியரசுத் தலைவர் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் மாளிகை சிதையும் நிலையில் இருந்தபொழுது, நாட்டுப் பெண்டிர் சங்கமாகக் கூடி 1858-இல் இரண்டு லட்சம் டாலருக்கு அதனைக் கிரயம் பேசிக் காத்தனர். வெள்ளையர்க்கு மவுண்ட் வெர்னன் எப்படியோ, விடுதலை பெற்ற மக்களுக்கு ஸீடர் ஹில் அப்படி ஆதல் வேண்டும் என்பது அம்மையாரின் கருத்து. அதன்பொருட்டு நாடாளுமன்றத்தை விடாது வேண்டி, 1900-ஆம் ஆண்டில் டக்ளஸ் நினைவுச் சங்கம் ஒன்றைச் சட்டத்தால் நிறுவச் செய்தார். ஊர் ஊராகச் சென்று விரிவுரை நிகழ்த்திப் பொருள் திரட்டினார். கடன் தீருமுன்னரே 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் காலமானார். வீடும், அதன்மேல் நின்ற கடனும் ஒருங்கே நினைவுச் சங்கத்துக்கு வந்தன.

நினைவுச் சங்கத்தார் முயன்றும், பல்லாண்டு கடன் தீரவில்லை. பெயர்பெற்ற தலைவர்கள் அறிக்கை விடுத்தனர். தொகை முழுதும் திரளவில்லை. சட்டத்தால் நிறுவிய நாடாளுமன்றம் சங்கத்துக்குப் பெயர் கொடுத்ததேயன்றிப் பணம் கொடுத்ததில்லை. வீடு ஏலத்துக்குப் போகும் அச்சம் உண்டாயிற்று.

மாதர் சங்கத்தார் செய்த மாபெருந் தொண்டு

இந்நிலையில் 1916-இல் இப்பொறுப்பை ஏற்றது கறுப்பின மாதர் தேசிய சங்கம். அது 1896-இல் பல ஊர்களின் சிறு மாதர் சங்கங்கள் ஒன்றுகூடி அமைந்தது. பஃபலோ நகரத்தைச் சேர்ந்த மேரி டால்பர்ட் என்னும் கற்றறிந்த அம்மையார் அப்பொழுது தலைவர். உறுப்பினருட் பெரும்பாலார் ஆசிரியைகள், தையற்காரிகள், வெளுப்போர், வீட்டுவேலை செய்வோர். கிளைச் சங்கந்தோறும் இவ்வளவு என்று பங்கு பகுத்தனர். விருந்தும் இசைநிகழ்ச்சியும் நடத்திக் காசு சேர்த்தனர். கூந்தல் தைலத் தொழிலால் செல்வம் ஈட்டிய மேடம் வாக்கர் என்னும் அம்மையார் தனியொருவராய் மிகப் பெரிய தொகை அளித்தார். அவரும் அடிமைகளாயிருந்த பெற்றோர்க்குப் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்தவரே. 1918-இல் டென்வர் நகரில் கூடிய மகாநாட்டில், தீர்ந்த அடமானப் பத்திரத்தை எல்லோரும் காணத் தீயிலிட்டனர். இருபது ஆண்டுக்கு மேல் வீட்டை அழுத்திய சுமை அத்தீயில் கரிந்தது.

கடன் தீர்த்தலோடு அவர் அமையவில்லை. மேற்கூரையும் சுவரும் பழுது பார்த்து, வீட்டுப் பொருள்களை அவை இருந்த இடத்திலே வைத்து, 1922-இல் பொதுமக்கள் காணத் திறந்தனர். அதன்பின் நாற்பதாண்டு அவ்வில்லத்தை மாதர் சங்கமே காத்தது. அரசின் உதவி இன்றி, ஆண்டுதோறும் ஒழுகும் கூரைக்கும், உளுத்த மரத்துக்கும், காவற்காரர் கூலிக்கும் பொருள் தேடினர். இவ்வுழைப்பு ஒருநாள் விழா அன்று. எண்ணற்ற சிறு தொல்லைகளின் தொகுதி. இதனைச் செய்தோர் பெயர்கள் பெரும்பாலும் கல்லில் பொறிக்கப்படவில்லை.

காலம் செல்லச் செல்லப் பழுது பெருகி, சங்கத்தின் கைக்கு அடங்காதாயிற்று. ஆதலின் 1962-ஆம் ஆண்டு செப்டம்பரில் இயற்றிய சட்டத்தால் இல்லம் மத்திய அரசுக்கு ஒப்புவிக்கப்பெற்றது. தேசியப் பூங்கா இலாகாவினர் விரிவாய்ச் செப்பனிட்டு, 1972-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள், அதாவது டக்ளஸ் தாமே தெரிந்துகொண்ட பிறந்த நாளில், மீண்டும் திறந்தனர். 1988-இல் அது தேசியச் சரித்திரத் தலம் என்னும் பெயர் பெற்றது. வயலினும், நூல்களும், எழுதிய மேசையும் இன்றும் அங்குள்ளன. மாதர் சங்கத்தார் காத்திராவிடில் அரசு பிற்காலத்தே மனம் மாறி வந்தாலும், ஏற்றுக்கொள்ள வீடே இருந்திராது.

அரசு மானியம் வந்த வரலாறு

1966-இல் அந்நாட்டில் சரித்திரச் சின்னங்களைக் காக்கும் சட்டம் பிறந்தது. அதனால் தேசியப் பட்டியல் ஒன்று ஏற்பட்டது. 1976-இல் அதற்கெனத் தனி நிதியும் அமைந்தது. அந்நிதிக்குப் பொருள், பொதுமக்கள் வரியிலிருந்து அன்று, கடலடியில் எண்ணெய் எடுக்கும் குத்தகை வருமானத்திலிருந்து ஒதுக்கப்பெற்றது. நிலத்தடிச் செல்வம் குறைவதற்கு ஈடாக, நிலத்தின்மேல் உள்ள முன்னோர் செல்வம் காக்கப்படல் வேண்டும் என்பது கருத்து. ஆயின் பட்டியலைக் கூர்ந்து நோக்கிய அறிஞர், கறுப்பினத்தார், அமெரிக்கப் பழங்குடியினர், ஸ்பானிய மொழியினர், ஆசிய வம்சத்தார் முதலியோர் சம்பந்தமான இடங்கள் அதில் மிகக் குறைவாக இருத்தலைக் கண்டனர்.

இதற்குக் காரணம் பகையுணர்ச்சி ஒன்றேயன்று. பட்டியலில் ஏற, கட்டிடம் பழைய உருவம் மாறாதிருத்தல் வேண்டும். சான்றுப் பத்திரங்கள் வேண்டும். ஆய்ந்து விண்ணப்பம் எழுத வல்லுநர்க்குக் கூலி வேண்டும். ஏழையோ கூரை ஒழுகினால் கைக்குக் கிடைத்த தகரத்தை இடுவான், உருவம் மாறும். பத்திரம் கறையான் தின்னும். வல்லுநரை அழைக்கப் பொருள் இராது. இவற்றோடு, சென்ற நூற்றாண்டின் நடுவில் நகரச் சீர்திருத்தம் என்றும் பெருஞ்சாலை என்றும் கூறி இடிக்கப்பட்ட குடியிருப்புகளுள் பல, கறுப்பின மக்கள் வாழ்ந்தவை.

இக்குறையை நீக்க 2014-இல் ஐந்து லட்சம் டாலர் ஒதுக்கி, பட்டியலில் இடம் குறைந்த சமூகத்தார்க்கெனத் தனி மானியம் தொடங்கினர். இதில் நாம் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இம்மானியம் கட்டிடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பட்டதன்று. எவ்வெவ்விடங்கள் உள்ளன என்று ஆய்ந்து கணக்கெடுக்கவும், பட்டியலில் சேர்க்க விண்ணப்பம் எழுதவும் ஏற்பட்டது. இருப்பதை அறிதல் முதற்படி. காத்தல் அடுத்த படி. 2016-இல் கறுப்பினத்தார் உரிமைப் போராட்டம் நிகழ்ந்த இடங்களுக்கென வேறொரு மானியம் தொடங்கிற்று. 1963-இல் குண்டுவீச்சால் நான்கு சிறுமியர் உயிர் துறந்த பர்மிங்ஹாம் நகரத் தேவாலயம் அதனால் உதவி பெற்றவற்றுள் ஒன்று. 2017-இல் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளை என்னும் தனியார் அமைப்பும் இதன்பொருட்டுப் பெருநிதி ஒன்றைத் திரட்டத் தொடங்கியது. 2021-இல் அதற்குக் கொடையாளர் ஒருவர் இரண்டு கோடி டாலர் ஈந்தார்.

எனினும் மானியம் நிலையான ஊற்றன்று. அரசின் நிதியை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் வாக்களித்து ஒதுக்கினாலன்றி அது கிடைப்பதில்லை. ஆட்சியாளர் மனம் மாறின் தொகையும் மாறும். மேலும், மானியம் கேட்டுச் செல்வோர் கையில் பத்திரமும் கணக்கும் இருத்தல் வேண்டும். அவை இல்லாதார்க்கு நிதி நிறைந்திருந்தும் பயனில்லை. 1918-இல் காசு காசாய்ச் சேர்த்த மாதர் கூட்டத்துக்கும், 2014-இன் மானியத்துக்கும் இடையே ஏறக்குறைய நூறாண்டு கழிந்தன. அந்நூறாண்டில் காப்பார் வாய்த்தவை சிலவே நின்றன, எஞ்சியவை அழிந்தன.

இச்சரித்திரத்தால் நாம் அறியத்தக்கவை

இனி, இதனால் நாம் பெறும் பயனைத் தொகுத்துக் கூறுவோம். சாசனத்தில் ஒரு சாட்சி குறைந்தமையால் ஒரு பெரும் இல்லம் இருபதாண்டு கடனில் மூழ்கிற்று. நம் நாட்டுச் சட்டப்படி உயிலுக்கு இரு சாட்சிகள் வேண்டும். பொதுக்காரியத்துக்கென வீடோ நிலமோ எழுதிவைக்க எண்ணும் பெரியோர், வழக்கறிஞரைக் கொண்டு பிழையற எழுதுவித்துப் பதிவும் செய்துவைத்தல் நலம். அன்பினால் எழுதிய சாசனமும் சட்டப்படி அமையாவிடின் அன்பர்களுக்குள்ளேயே வழக்காய் முடியும்.

நம்மவர் முன்னோர் கட்டிய சத்திரம், பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, கிணறு, நூல்நிலையம் ஆகியன பல ஊர்களில் உள்ளன. அவற்றின் தோற்றம் எந்த ஆண்டு, கொடுத்தவர் யாவர், பத்திரம் யாரிடம் உள்ளது என்பவற்றை முதியோர் இருக்கும்பொழுதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். ஒவ்வோரூர்க் கிளையாரும் ஒரு குறிப்பேடும் சில நிழற்படங்களும் ஆயத்தம் செய்வாராயின், அரசையோ அறநிலையத்தையோ நாடும் நாளில் கைவீசிச் செல்ல நேராது. இதற்குப் பெருஞ்செலவு இல்லை. எழுத்தறிந்த இளைஞர் இருவரும் ஓய்வுநாள் சிலவும் போதும். பேருதவி வரும்வரை காத்திராமல், ஒழுகும் ஓட்டை இன்றே மாற்றுதலும் கடமையாகும். கூரை விழுந்தபின் வரும் மானியம் கற்குவியலுக்கே உதவும்.

மாதரார்க்கு ஒரு சொல். ஸீடர் ஹில்லைக் காத்தோர் ஆடவர் சபையினர் அல்லர். ஹெலன் அம்மையார் முதல் மேரி டால்பர்ட் வரை பெண்மணிகளே. நம் சங்கக் கூட்டங்களில் பெண்டிரைப் பின்வரிசையில் அமர்த்தி, விருந்துச் சமையலுக்கு மட்டும் அழைக்கும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் உளது. பொருட்காப்பாளர் பதவியையும் கட்டிடக் குழுவையும் அவர்பால் ஒப்புவித்துப் பார்த்தல் தகும்.

டக்ளஸ் பெருமானார் பிறந்த குடிசை போயிற்று. ராச்செஸ்டர் வீடு எரிந்தது. குன்றின்மேல் உள்ள இல்லம் எஞ்சியது. அதுவும் தானாக எஞ்சியதன்று, எஞ்சுமாறு சிலர் உழைத்தனர். அடிமைச் சிறுவன் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படித்து உயர்ந்த கதையை ஏட்டில் படிக்கும் பிள்ளைக்கும், அவர் எழுதிய மேசையின் முன் நின்று பார்க்கும் பிள்ளைக்கும் உண்டாகும் ஊக்கம் ஒன்றாகாது. நம் குழந்தைகளுக்கும் அவ்வாறு நின்று பார்க்க ஓரிடம் வேண்டும். ஆதலின் அன்பர்கள் தத்தம் ஊரில் உள்ள பழைய பொதுக் கட்டிடங்களின் விவரங்களை எழுதி வரும் ஆண்டுக் கூட்டத்துக்குக் கொணருமாறு வணக்கத்தோடு கேட்டுக்கொள்கின்றோம்.